குறைந்த நூலும் குறைந்த சிமெண்டும்: ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பழுதின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டியுள்ள பிள்ளைப்பாக்கம், செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேலே அமைந்த ஏரித்தொடரில் தனக்கென ஓர் ஏரியைக் கொண்ட உழவு ஊராக இருந்து, மாநில அரசின் சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பூங்கா அமைத்த பிறகு, ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் ஆலை ஊராக மாறியது. கார், மோட்டார் சைக்கிள், கைப்பேசி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, கண்ணாடி என அன்றாட வாழ்வில் புழங்கும் எத்தனையோ பொருள்கள் இந்த வட்டாரத்தில் செய்யப்படுகின்றன. அவற்றைச் செய்யும் தொழிலாளர்களின் குடியிருப்புகளும் இதே வட்டாரத்தில்தான் குறுகிய காலத்தில் எழுந்தன. ஆகவே, ஒரு பொருளில் பழுது எவ்வாறு புகுகிறது, அதைக் கண்டுபிடிப்பவர் யார், அதன் இழப்பு கடைசியில் யார் தலையில் விடிகிறது என்னும் மூன்று கேள்விகளையும் ஒரே நிலத்தில் வைத்து ஆராய்வதற்கு இது பொருத்தமான இடம்.

இக்கேள்விகள் ஆலைகளோடு வந்தவை அல்ல. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. ஆனால், அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அமர்ந்த குழுக்களில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியம் என்ற ஒன்றும் இருந்தது என்பது பொதுவாக அவ்வளவு கவனிக்கப்படுவதில்லை. பொன்னின் தூய்மையை உரைகல்லில் தேய்த்து, அந்தக் கீற்றின் நிறத்தை மாற்று அறிந்த பொன்னின் கீற்றோடு ஒப்பிட்டு அறிவது பழைய முறை. விற்பவனும் வாங்குபவனும் அல்லாத ஊர்ச்சபையின் குழு ஒன்று பொன்னுக்கென இயங்கியது என்பதே இங்கே குறிக்கத்தக்கது. அந்த நடுநிலை பிற்காலத்தில் நெடுநாள் காணாமற்போயிற்று.

அது காணாமற்போனதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வணிகம். 1639–40-இல் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கிய கம்பெனி, சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை, அதிலும் லாங்கிளாத் எனப்பட்ட நீளத்துணியை, பெருமளவில் வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. கம்பெனி தொடக்கத்தில் நெசவாளரிடம் நேரே செல்லவில்லை. உள்ளூர் வணிகர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு முன்பணம் கொடுத்தது, வணிகர்கள் இடைத்தரகர்கள் வழியே அப்பணத்தைத் தறிகளுக்குக் கொண்டு சேர்த்தனர், நெய்த துணி அதே வழியில் கோட்டைக்குத் திரும்பியது. காஞ்சிபுரமும் அதைச் சுற்றிய நெசவூர்களும் இத்தகைய வலையில் இணைந்திருந்தன.

கோட்டைக்கு வந்த துணி அங்கே தரம் பிரிக்கப்பட்டது. ஒப்பந்தத்தின்போது மாதிரித் துணி ஒன்று முன்கூட்டியே ஏற்கப்பட்டு, கம்பெனிக் கிடங்கில் வைக்கப்பட்டிருக்கும். கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு துணியையும் விரித்து, ஏறத்தாழ 72 முழ நீளமும் 2¼ முழ அகலமும் இருக்கிறதா, நூல் ஒரே சீராக ஓடுகிறதா, நெசவு மாதிரியைப் போல் இறுக்கமாக உள்ளதா என்று பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எனப் பிரித்தனர். அவற்றுக்கும் கீழே போனவை கழிக்கப்பட்டு வணிகரிடமே திருப்பித் தரப்பட்டன. தரம் ஒரு படி இறங்கினால் விலையும் இறங்கும். அந்த இறக்கத்தை வணிகர் நெசவாளர் கணக்கில் எழுதிக்கொள்வார். மாதிரியைத் தன் கையில் வைத்திருந்தவரும், ஒப்பிட்டுப் பார்த்தவரும், தீர்ப்புக் கூறியவரும், அத்தீர்ப்பினால் விலை குறையும்போது ஆதாயம் அடைந்தவரும் ஒரே தரப்பினர் என்பதை இம்முறையின் அடிப்படைக் கோளாறாகக் கொள்ள வேண்டும்.

நெசவின் தரத்தை அளக்கப் புஞ்சம் என்னும் அலகு பயன்பட்டது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் பாவு நூல்களில் 120 நூல் சேர்ந்தது பொதுவாக ஒரு புஞ்சம் எனக் கொள்ளப்பட்டது. ஒரே அகலத்துக்குள் புஞ்சம் கூடக்கூடத் துணி அடர்த்தியாகும், விலையும் ஏறும். துணி மெலிந்து வருகிறது, மாதிரிக்கு ஈடாக இல்லை என்ற முறையீடு கம்பெனியின் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பல அதிகாரிகள் இதை நெசவாளரின் நேர்மைக் குறைவாக எழுதிவைத்தனர். ஆனால், பஞ்சு தக்காணத்திலிருந்து பொதிமாடுகளில் வர வேண்டியிருந்த நிலையில், போரோ வறட்சியோ அந்த வழியை அடைத்தால் நூல் விலை ஏறியது, அதே வறட்சியில் அரிசி விலையும் ஏறியது, துணிக்குப் பேசிய விலை மட்டும் அப்படியே நின்றது. அத்தகைய நேரத்தில் நெசவாளர் நீளத்தைக் குறைக்க முடியாது, முழக்கோல் உடனே காட்டிக்கொடுக்கும். அகலத்தையும் குறைக்க முடியாது. பாவில் சில நூறு நூல்களைக் குறைத்துப் பரவலாக விட்டால், கஞ்சி ஏறிய கோராத் துணியில் அந்த மெலிவு முதற்பார்வைக்குத் தெரியாது. வெளுத்த பின்னரே தெரியும். ஆகவே குறைந்தது நூல்தான். விலை இறுகும்போது கண்ணுக்கு எளிதில் படாத இடத்திலேயே பொருள் முதலில் குறைகிறது என்ற இந்த இயல்பு, பின்வரும் இரண்டரை நூற்றாண்டு வரலாற்றையும் புரிந்துகொள்ளத் துணை செய்கிறது.

அந்தக் காலத்திலும் நெசவாளர் முற்றிலும் கையற்றவராக இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளவும், கம்பெனி கழித்த துணியை வேறு வணிகரிடம் விற்கவும் அவருக்கு வழி இருந்தது என்பதையும், கம்பெனி ஆட்சியாளராக மாறிய பிறகே அவ்வழிகள் அடைபட்டன என்பதையும் வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். 1763-இல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் பெறும் உரிமையோடு, கொடுத்தபோது காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகள் அதன் கைக்கு வந்தன. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி, வணிகர்களை ஒதுக்கிவிட்டு நெசவாளரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்யவும், தறிகளைக் கண்காணிக்கச் சேவகர்களை நிறுத்தவும், வெளியாருக்கு விற்பதைத் தடுக்கவும் முற்பட்டது. இக்கெடுபிடியால் கடலூர்ப் பகுதியில் நெசவாளர் எதிர்த்தெழுந்தனர். கழிக்கப்பட்ட துணிக்கு வேறு சந்தை இல்லாதபோது, கழிப்பவரின் சொல்லே விலையாகிவிடும்.

பிரிட்டன் ஆலைத் துணி வந்து கைத்தறி ஏற்றுமதியை வீழ்த்திய 19-ஆம் நூற்றாண்டை இங்கே விரைந்து கடந்துவிடலாம். அக்காலத்தின் எச்சமாக நீதிமன்றங்களில் நிலைத்தது, பொருளைப் பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவனின் பொறுப்பே என்ற ஆங்கிலச் சட்டக் கொள்கை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அதற்குச் சில விலக்குகளை வகுத்தது. ஆயினும் மின்விசிறியோ அடுப்போ வாங்கிய குடும்பம் உரிமையியல் வழக்குத் தொடுத்து நியாயம் பெறுவது நடைமுறையில் நடவாத காரியமாகவே இருந்தது.

விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, 1947 ஜனவரியில், ஐ.எஸ்.ஐ. எனப் பரவலாக அறியப்பட்ட இந்தியத் தரநிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் எண்ணைத் தாங்கிய தரநிலை தேசியக் கொடிக்கானது என்பதும், அது கதர்த் துணியின் நூல் எண்ணிக்கையையும் வரையறுத்தது என்பதும் புஞ்சக் கணக்கின் வழிவந்த செய்தியாகவே தோன்றும். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், தரநிலைக்கு உட்பட்ட பொருள்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இடும் முறை வந்தது. உற்பத்தியில் எழும் ஏற்றத்தாழ்வைப் புள்ளியியலால் கண்காணிக்கும் முறையை வகுத்த அமெரிக்கர் வால்டர் ஷூஹார்ட், புள்ளியியல் அறிஞர் பி.சி. மகலனோபிஸின் அழைப்பில் 1947–48-இல் இந்தியாவுக்கு வந்து சென்றார். அவருடைய வழியைப் பின்பற்றிய எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானில் ஆற்றிய உரைகள் அந்நாட்டுத் தொழிலையே மாற்றின. பாடம் இந்தியாவுக்கு முன்னதாகவே வந்தது, பயன் மட்டும் அரை நூற்றாண்டு தள்ளிப்போனது என்பது வருந்தத்தக்க உண்மை.

தள்ளிப்போனதற்குக் காரணம் அறிவுப் பஞ்சம் அன்று. எந்தப் பொருளை யார் எவ்வளவு செய்யலாம் என்பதை அரசின் உரிமம் தீர்மானித்த காலத்தில், ஸ்கூட்டருக்கும் தொலைபேசிக்கும் பதிவு செய்துவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். காத்திருப்பவன் பொருளைத் திருப்பிக் கொடுக்க மாட்டான். 1955-இல் ராணுவத்துக்கான 350 சி.சி. புல்லட் வண்டிகளின் தேவையை ஒட்டி, இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையோடு கூட்டு வைத்துச் சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்யும் தொழில் தொடங்கியது. அந்த வண்டி உறுதிக்கும் ஓசைக்கும் பெயர் பெற்ற அளவுக்கு எஞ்சின் இணைப்புகளில் எண்ணெய் கசிவதற்கும் பெயர் பெற்றிருந்தது. கசிவைக் குறையாகக் கருதாமல் வண்டியின் சுபாவமாக ஏற்றுக்கொண்டு, நிறுத்தும் இடத்தில் அட்டையை விரித்து வைத்த குடும்பங்கள் பல. அந்த மனப்பழக்கம் பற்றாக்குறையின் விளைவு.

அக்காலத்தில் பழுதின் சுமையைத் தாங்கியவை சென்னைப் புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளும், ஊர்தோறும் இருந்த மெக்கானிக் கடைகளும், கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றித் தரும் காயில் கட்டும் கடைகளும் ஆகும். ஆலையில் முடிந்திருக்க வேண்டிய வேலையின் ஒரு பகுதியை, தொழிற்பள்ளி வாசலையே மிதிக்காத கைகள் தெருவோரத்தில் அமர்ந்து முடித்தன. அவர்களுடைய திறமை மெச்சத்தக்கது, ஆனால் அதற்கான கூலியை ஆலை தரவில்லை, வாங்கியவரே தந்தார். குளிர்சாதனப் பெட்டியோடு சேர்த்து ஸ்டெபிலைசர் வாங்குவது நடுத்தர வீடுகளில் வழக்கமானதும் இவ்வகைச் செலவே: மின் அழுத்தம் ஏறி இறங்குவது மின் வழங்கலின் குறை, அதிலிருந்து கம்ப்ரசரைக் காக்கும் கருவியின் விலையோ வீட்டுக்காரரின் பொறுப்பு.

1985-இல் சென்னையில் சி.ஏ.ஜி. என்னும் நுகர்வோர், குடிமக்கள் நலக் குழு தொடங்கப்பட்டது; அடுத்த ஆண்டு டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. வழக்குரைஞர் இல்லாமலும், பெரும் செலவு இல்லாமலும், மாவட்ட அளவிலேயே முறையிடலாம் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. அது முதலில் கடைப்பொருளையே கருதியது போலத் தோன்றினாலும், லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. எனினும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கான மன்றம் நெடுங்காலம் செங்கல்பட்டிலேயே இயங்கியதால், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பழுதான மிக்ஸிக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தது. சட்டம் அருகே வந்தாலும் அதற்கான பேருந்து அருகே வரவில்லை.

ஆலைகளுக்குள் மாற்றம் வேறொரு வாயிலால் நுழைந்தது. மாருதியின் வருகைக்குப் பின் ஜப்பானியத் தரமுறை வாகனத் துறைக்குள் பரவியது. பேராசிரியர் யோஷிகாசு சுடாவின் வழிகாட்டலில் டி.வி.எஸ். குழும நிறுவனங்கள் பல ஆண்டுகள் உழைத்ததன் பயனாக, 1998-இல் பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு, டெமிங் பெயரிலான ஜப்பானியத் தரப் பரிசை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது. அதே ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. அதன் பிறகு இந்த வட்டாரத்தில் குறையை எண்ணும் அலகே மாறிவிட்டது: நூற்றுக்கு இத்தனை என்ற பழைய கணக்குப் போய், பத்து லட்சம் பாகங்களுக்கு எத்தனை பாகம் பழுது என்று காட்டும் பி.பி.எம். கணக்கு வந்தது.

இக்கணக்கு சிறிய பட்டறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அருகில் வைத்துப் பார்ப்பது நன்று. ஆலைக்கு உதிரிபாகம் தரும் சிறுதொழிற்கூடத்தில், துளையிட்ட பாகம் ஒவ்வொன்றையும் இருமுனை அளவுமானியில் பொருத்திப் பார்ப்பர். அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது, இரண்டில் ஒன்று பிசகினாலும் பாகம் சிவப்புத் தொட்டிக்குப் போகும். அதைத் தாண்டி ஒரு பழுதான பாகம் ஆலையின் லைனை அடைந்துவிட்டால், அந்தப் பாகத்தின் விலை மட்டுமல்லாமல், வந்த சரக்கு முழுவதையும் மீண்டும் பிரித்துப் பார்க்கும் கூலியும், லைன் நின்ற நேரத்தின் இழப்பும் டெபிட் நோட்டாகப் பட்டறையின் கணக்கில் ஏறக்கூடும். கம்பெனிக் கிடங்கின் தரம் பிரிக்கும் முறையோடு இதற்குள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. ஆனால் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. இன்று அளவு வரைபடத்தில் எழுதப்பட்டு இருதரப்பிடமும் இருக்கிறது, அளவுமானி பொய் சொல்வதில்லை, காரணம் எங்கே என்று இயந்திரம் வரை தேடிப்போகும் ஒழுங்கும் உள்ளது. ஆண்டுதோறும் பாகத்தின் விலையைக் குறைக்கக் கோரும் அழுத்தம் மட்டும் மாறவில்லை. அது பட்டறைகளில் பயிற்சித் தொழிலாளர் கூலியாகவும், ஒப்பந்தத் தொழிலாளரின் நீண்ட ஷிஃப்டாகவும் கீழே இறங்குகிறது.

குறை எந்த ஊரில் புகுந்தது என்று தேடிப்போக வேண்டிய நிலையை 2007 ஆகஸ்டில் எழுந்த நோக்கியா பேட்டரிச் சிக்கல் பொதுமக்களுக்கே காட்டிவிட்டது. 2006 தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை அப்போது இந்த வட்டாரத்தின் பெருமையாக இருந்தது. 2014 நவம்பர் 1 அன்று அது உற்பத்தியை நிறுத்தியது வேறு கதை. பி.எல்-5சி என்ற மாதிரியில் பல நிறுவனங்கள் செய்த சுமார் 30 கோடி பேட்டரிகள் உலகில் புழங்கிய நிலையில், ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்த சுமார் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது உள்ளே குறுக்குமின் பாய்ந்து சூடாகக்கூடும் என நோக்கியா அறிவித்து, இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. உலகளவில் பதிவான நிகழ்வுகள் ஏறத்தாழ 100 மட்டுமே. ஆயினும் இந்தியாவில் கைப்பேசி வெடிக்கும் என்ற அச்சம் பரவி, சேவை மையங்களில் கூட்டம் குவிந்தது. வெளித்தோற்றத்தில் நல்ல பேட்டரியும் பழுதான பேட்டரியும் ஒன்றே. பின்புறத்தில் அச்சிட்ட 26 இலக்க அடையாள எண் ஒன்றுதான் இரண்டையும் பிரித்தது. அதுவரை யாரும் படித்திராத பொடி எழுத்தை, மூடியைக் கழற்றிப் பேட்டரியை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து மக்கள் படித்தனர். பழுதுக்கு ஊரும் நாளும் உண்டு, அதைச் செய்தவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்பதைப் பல இந்தியக் குடும்பங்கள் அப்போதுதான் அறிந்தன.

எண்ணெய்க் கசிவால் அறியப்பட்ட புல்லட்டின் வரலாறும் இதே திசையில் திரும்பியது. 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் பின்னர் வல்லம் வடகாலிலும் ஆலை அமைத்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையே செய்யப்பட்ட வண்டிகளில் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலில் குறை இருக்கலாம் என்று தன் சோதனையில் கண்டு, 2021 மே மாதம் அந்நிறுவனம் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2012-இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானே ஏற்றுக்கொண்ட திரும்ப அழைக்கும் நெறிமுறை, 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தால் அரசு கட்டளையிடக்கூடிய கடமையாகியிருந்தது. அதே ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, பழுதான பொருளால் விளையும் தீங்குக்குச் செய்தவரும் விற்றவரும் பொறுப்பேற்கும் விதியைக் கொணர்ந்தது. வாங்கியவர் மெக்கானிக் கடையில் தீர்த்த கணக்கை ஆலை தானே தீர்க்கும் நிலைக்கு வர ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் இந்த ஒழுங்கு ஆலை மதிலோடு நின்றுவிட்டது. 2014 ஜூன் 28 மாலை, அப்போது ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் இருந்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் குடியிருப்பு இடிந்து 61 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்திருந்த கட்டடத் தொழிலாளர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அருகில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2021 ஆகஸ்டில், சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் ஏழை மக்களுக்காக அரசு கட்டிய அடுக்குமாடியில், குடியேறிய சில மாதங்களிலேயே சுவர்ப்பூச்சு கையால் தொட்டால் உதிர்ந்தது, ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு நடத்தப்பட்டது. மக்கள் விரலால் சுரண்டிக் காட்டியதே அந்த வீடுகளுக்கு நடந்த முதல் வெளிப்படையான தரச்சோதனை என்பது வேதனைக்குரியது.

பூச்சு உதிர்வதன் காரணம் விளங்காத மர்மம் அன்று. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்று பேசியிருக்க, எட்டும் ஒன்பதும் சேர்த்தாலும் அன்றைக்குச் சுவர் ஒரே நிறத்தில்தான் காயும். எம்-சாண்ட் எனப்படும் செயற்கை மணலின் பெயரில் கல்குவாரித் தூள் வந்தால், அத்தூள் சிமெண்டும் மணலும் பிடித்துக்கொள்வதைத் தடுக்கும். காலையில் தண்ணீர் ஊற்றிக் கலந்த கலவை மதியத்துக்குள் இறுகத் தொடங்கினால், மீண்டும் தண்ணீர் தெளித்து இளக்கிப் பூசுவது வழக்கமாகிவிட்டது. பூசிய சுவரை ஒரு வாரம் நனைக்க வேண்டும் என்பதோ, தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கும் இடத்தில் இரண்டு நாளோடு முடிகிறது. தளத்தில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் எனப்படும் சிறு கட்டையை வைத்து, குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடும்படி செய்யாவிட்டால், ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட்டை அடியிலிருந்து பிளந்து தள்ளும். பின்னர் அழைக்கப்படும் கொத்தனார், துருவைச் சுரண்டிக் கம்பியைச் சுத்தம் செய்யாமல் பிளவின் மேல் சிமெண்டைப் பூசிவிட்டுப் போனால், அடுத்த மழைக்குப் பின் அதே இடம், இன்னும் அகலமாக, மறுபடி பெயரும். பழுதுபார்ப்பே பழுதாவது இவ்வாறுதான்.

இவற்றில் எதுவும் கொத்தனாரின் குணக்கேட்டை மட்டும் காட்டுவதாகக் கொள்ளலாகாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி முடித்த பின் சிமெண்டு, கம்பி, மணல் விலை ஏறினால், அறையின் அளவைக் குறைக்க முடியாது, வீட்டுக்காரர் டேப் பிடித்து அளப்பார். ஆகவே கலவையில் சிமெண்டும், நனைக்கும் நாளும், கம்பியின் கனமும் குறைகின்றன. ஆலைத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடுவதற்காக, கடன் வட்டி ஏறுமுன் கட்டி முடிக்க வேண்டிய வரிசை வீடுகளில் இந்த இறுக்கம் மேலும் கூடுதல். புஞ்சம் குறைத்த நெசவாளரின் நிலையும் இதுவே.

கட்டடப் பொருள்களுக்குத் தரநிலைகள் இல்லாமல் இல்லை. சிமெண்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், சூளைச் செங்கல்லில் மிகக் கீழ்வகைக்கும் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் அழுத்தம் தாங்கும் வலிமை வேண்டும், 24 மணி நேரம் ஊறவைத்தால் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது. இரண்டு கல்லைத் தட்டி மணியோசை கேட்பதும், நகத்தால் கீறிப் பார்ப்பதும் மேஸ்திரிகள் கையாளும் எளிய சோதனைகள். ஆனால் மூட்டையின் மேலுள்ள முத்திரை மூட்டைக்குள் இருக்கும் சிமெண்டுக்கே பொறுப்பு. அது எத்தனை சட்டி மணலோடு கலந்தது என்பதற்கு எந்த முத்திரையும் இல்லை.

2016-இல் இயற்றப்பட்டுத் தமிழ்நாட்டில் 2017 முதல் செயல்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், கட்டியவரே 30 நாளில் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அதன் பதிவு விதி 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்கும் 8 வீடுகளுக்கு மிகாத கட்டடத்துக்கும் பொருந்தாது. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டும் தனிவீடும் அதன் எல்லைக்கு வெளியிலேயே நிற்கிறது. பிள்ளைப்பாக்கத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் போன்ற இடங்களில் எழும் வீடுகள் பெரும்பாலும் இவ்வகையின. அவற்றின் உரிமையாளர்களுக்கு எஞ்சியிருப்பது நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும், சோதனை தேவைப்பட்டால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. ஆனால் அது முதலில் கேட்பது ஒப்பந்தத்தையும் ரசீதையும். வாரக்கூலியாகக் கையில் கொடுத்த பணத்துக்கும், வெற்றிலை பாக்கு மாற்றி வாய்ச்சொல்லால் பேசிய சதுர அடிக் கணக்குக்கும் எழுத்து இருப்பதில்லை. ஒரு பேட்டரியைச் செய்த ஆலையையும் மாதத்தையும் 26 இலக்கங்களில் அறிய முடிந்த அதே வட்டாரத்தில், வாழ்நாள் சேமிப்பைக் கரைத்துக் கட்டிய வீட்டின் கலவையில் என்ன போட்டார்கள் என்பதை நிறுவ ஒரு துண்டுச் சீட்டும் பெரும்பாலான குடும்பங்களிடம் இல்லை.